நாலு நிமிசத்துல ஆறுதல்

அந்தப் பைய கொஞ்சம் மடியில வச்சுக்கிடுங்க அண்ணாச்சி. ஆங், போதும். நான் இந்தக் கம்பியப் பிடிச்சுக்கிட்டு ஓரமாவே உக்காந்துக்கிடுதேன். எடம் ரொம்ப வேண்டாம், பிடிமானம் இருந்தாப் போதும் எனக்கு. முள்ளுவிளை விலக்கு ஸ்டாப்புல எறங்கணும். நீங்க எங்க, திருச்செந்தூரா? அப்ப நல்லதாப் போச்சு. நான் எறங்குத வரைக்கும் நீங்க எங்கயும் ஓட முடியாது.

சிரிக்காதிய. எம் மனசு கெடக்க கெடையில யார்ட்டயாவது சொல்லணும்.

நான் தீயணைப்புத் துறை. பேரு பூல்பாண்டி. செவப்பு வண்டி மணியடிச்சுக்கிட்டுப் போவும்லா, அதுல முன்னால உக்காந்திருக்க ஆளு. சனங்க என்ன நெனைக்காவன்னா, நாங்க தீய மட்டும் அணைக்கோம்னு. எங்க அண்ணாச்சி! தீயக் கண்டு எவ்வளவோ நாளாச்சு. பாம்பு பிடிக்கப் போறோம். கெணத்துல விழுந்த மாட்டத் தூக்கப் போறோம். போன வாரம் ஒரு புதுமாப்பிள்ளைக்கு மாமனார் போட்ட மோதிரம் கழறல, வெரலு வீங்கிட்டு, அத வெட்டப் போனோம். மாமனாரு பக்கத்துல நின்னுக்கிட்டு, மோதிரத்துக்கு ஒண்ணும் ஆயிரக் கூடாது தம்பி, மோதிரத்துக்கு ஒண்ணும் ஆயிரக் கூடாதுங்காரு. வெரலப் பத்தி ஒரு வார்த்தை பேசல. இதெல்லாம் எங்க பொழப்பு. இப்ப புதுசா ஒரு வேலை சேந்திருக்கு. ஆறுதல்.

ஆமா, ஆறுதல்தான். என்னன்னா, எங்காளுக கண்டதையும் பாக்காங்க. எரிஞ்சது, நசுங்குனது, மெதக்கது. வீட்டுல போயி சொல்ல முடியாது. சொன்னா அன்னைக்கு யாரும் சோறு திங்க மாட்டாவ. அதனால ஸ்டேஷனுக்கு ஒரு ஆளப் பழக்கி, கூட வேலை பாக்கவன் மனசு ஒடஞ்சா இவன் பக்கத்துல உக்காந்து கேக்கணும்னு மேல இருந்து உத்தரவு. அதுக்குப் பேரு சக ஆதரவாளர். எங்க ஸ்டேஷன்ல எல்லாரும் என்னியத்தான் கை காட்டுனாவ. ஏன்னா நான் நல்லாப் பேசுவேம்லா.

மூணு நாள் பயிற்சி. ஒரு மேடம் வந்து எடுத்தாவ, மனசு டாக்டர். அருமையான அம்மா. என்ன சொன்னாவன்னா, "நீங்க அறிவுரை சொல்ல வேண்டாம். தீர்வு சொல்ல வேண்டாம். அவங்க பேசும்போது பேசாம பக்கத்துல இருங்க, அதுவே பெரிய உதவி"ன்னாவ. எனக்கு அது அப்டியே பிடிச்சுப் போச்சு. எந்திரிச்சு நின்னு, பேசாம இருக்கது எவ்வளவு பெரிய விசயம்னு மேடத்துக்கு அரை மணி நேரம் வெளக்கிச் சொன்னேன். அவியளும் ஒரு வார்த்தை குறுக்கப் பேசல. தலைய தலைய ஆட்டுனாவ. எங்கிட்ட இருந்து நெறையக் கத்துக்கிட்டிருப்பாவன்னு நெனைக்கேன். சான்றிதழ் குடுத்தாவ. கண்ணாடி போட்டு மாட்டியிருக்கேன்.

ஸ்டேஷனுக்கு வந்து எங்க ஆபீசர் வில்சன் அய்யாட்ட சொன்னேன். அவியளுக்கு ஒரு கொணம் உண்டு. எதையும் ட்ரில்லாச் செஞ்சாத்தான் வெளங்கும்பாவ. தப்பில்ல பாத்துக்கிடுங்க. ஏணி போடுதது ட்ரில்லு, தண்ணி ஓஸ் விரிக்கது ட்ரில்லு, எல்லாத்துக்கும் விசில் உண்டு, நேரம் உண்டு. ஆறுதலுக்கு மட்டும் இல்லன்னா எப்டி? அதனால அய்யா உக்காந்து யோசிச்சு ஒரு ட்ரில்லு போட்டாவ. முதல் விசிலுக்கு எதிர்ல போயி உக்காரணும். ரெண்டாவது விசிலுக்குக் கண்ணப் பாக்கணும். மூணாவதுக்குத் தலைய ஆட்டிக்கிட்டு, "சொல்லுங்க, நான் இருக்கேன்"னு சொல்லணும். நாலு நிமிசம் ஆனதும் நீளமா ஒரு விசில். அதுக்குள்ள எதிர்ல இருக்கவன் "இப்பப் பரவால்ல"ன்னு சொல்லிடணும். சொல்லிட்டா வேலை முடிஞ்சது. ஓஸச் சுருட்டிரலாம்.

இதுக்கு ஒரு ஆளு வேணும்லா, மனசு ஒடஞ்சவன்? அங்கனதான் தங்கப்பழம் வாரான்.

தங்கப்பழம் எங்க ஸ்டேஷன் பய. எனக்கு ஏழெட்டு வருசம் எளையவன். வத்தக் காச்சலா இருப்பான். பள்ளிக்கூடம் காலேஜின்னு எங்க ஒத்திகை காட்டப் போனாலும், மாடியில மாட்டிக்கிட்டவன், மயங்கி விழுந்தவன், கால் ஒடஞ்சவன் எல்லாம் அவந்தான். தோள்ல தூக்கிக்கிட்டு ஏணியில எறங்கணும்லா, எடை கம்மியா இருந்தாத்தான நல்லது. பிள்ளைக கை தட்டும். அவன் கண்ண மூடிக்கிட்டே சிரிப்பான். அதே மாதிரி இதுக்கும் அவனையே சேர்ல உக்கார வச்சிட்டோம். யாரும் யோசிக்கக்கூட இல்ல. அவனும் பேசாமப் போயி உக்காந்துட்டான்.

முதல் நாளே அசந்துட்டோம் அண்ணாச்சி. என்னா நடிப்பு! நான் தலைய ஆட்டி, "சொல்லுங்க, நான் இருக்கேன்"னதும், என்னிய ஒரு பார்வை பாத்தான். பெறவு மெதுவா, "நான் விடுங்கன்னு சொன்னேன். அந்தக்கா என்னிய நம்பி விட்டுட்டாவ"ன்னான். சொல்லிட்டு அழுதான் பாருங்க, கண்ணுல இருந்து பொலபொலன்னு. வில்சன் அய்யா விசில வாயில வச்சவரு ஊதவே மறந்துட்டாரு. சமையலுக்கு இருக்க இசக்கியண்ணன் கரண்டியோட வந்து நின்னு பாக்காரு. முடிஞ்சதும் எல்லாரும் கை தட்டுனோம்.

அது நடந்த விசயந்தான், பாத்துக்கிடுங்க. பொய்யி இல்ல. நடந்ததையே எடுத்து நடிச்சான், அதுல இருக்கு அவன் தெறமை.

போன ஆடியில ஒரு தோட்டத்துக் கெணறு. ஆடு ஒண்ணு உள்ள விழுந்துட்டு, அதப் பிடிக்கப் போன பொம்பளையும் விழுந்துட்டா. நாங்க போவும்போது ஆடு திட்டுல நிக்குது, அந்தப் பொம்பள மோட்டார் பைப்பக் கட்டிப் பிடிச்சுக்கிட்டுத் தொங்குதா. தங்கப்பழம் இடுப்புல கயிறு கட்டி எறங்குனான். மேல கயிறு எங்கையில. பின்னால ரெண்டு பேரு உண்டு, ஆனா முன்னால நின்னு பிடிச்சது நான். இவன் கிட்ட போயி, "யக்கா, பைப்ப விடுங்க, நான் பிடிச்சுக்கிடுதேன்"ங்கான். அவ மாட்டேங்கா. பயம்லா. இவன் திரும்பத் திரும்பச் சொல்லுதான். கடைசியில நம்பி விட்டா. அந்த நேரம் பாத்து கயிறு ஒரு சாண் எறங்குச்சு. எறங்கத்தான செய்யும், புதுக் கயிறு, தூத்தல் வேற. அது ஒரு விசயமே கெடையாது. இவன் கையில இருந்து அவ கை வழுக்கிட்டு. அவ்வளவுதான். கெணத்துல தண்ணி ஏகத்துக்கும் கெடந்துச்சு. நாங்க எடுக்கயில நேரமாயிட்டு.

ஆடு பொழச்சுட்டு. ஆட்டத் தோள்ல போட்டுக்கிட்டு நான் நிக்க மாதிரி பேப்பர்ல படம் வந்துச்சு. வீட்டுல வெட்டி செவத்துல ஒட்டி வச்சிருந்தாவ. நாந்தான் கிழிச்சுப் போட்டேன், செவரு அசிங்கமா இருக்குன்னு.

எனக்கு ஒண்ணும் கெடையாது அண்ணாச்சி. நான் கல்லு மாதிரி. எங்க வீட்டுக்காரிதான், நான் தூக்கத்துல அவ தாலிக்கயிறப் பிடிச்சு இழுக்கேன்னு சண்டை. விடவே மாட்டேங்கேனாம். வெரல ஒண்ணொண்ணாப் பிரிச்சு எடுக்க வேண்டியிருக்காம். இப்ப ஒரு துண்ட முறுக்கி, படுக்கும்போதே எங்கையில குடுத்துடுதா. நாப்பது வயசு தாண்டுனா யாருக்குத்தான் நல்ல தூக்கம் வருது, சொல்லுங்க.

எங்க விட்டேன்? ஆங், நடிப்பு. தெனமும் ஒத்திகை. தெனமும் அவன் அந்தக் கெணத்தத்தான் சொல்லுவான். தெனமும் அழுவான். ஆனா ரெண்டு கொறை. ஒண்ணு, கதைய முழுசாச் சொல்ல மாட்டான். கயிறு ஒரு சாண் எறங்குச்சுல்லா, அத விட்டுருவான். ஒரு தடவகூட அவன் வாயில இருந்து அது வரல. ஒருநா தனியாக் கூப்புட்டு, "ஏல, அந்தக் கயிறு எடத்தையும் சேத்துச் சொல்லு, கேக்கவனுக்கு இன்னும் பக்குன்னு இருக்கும்"னேன். "வேண்டாம்ணே, அது வேண்டாம்"னுட்டான். எதுக்கு வேண்டாம்னு இன்னைக்கு வரைக்கும் எனக்கு வெளங்கல.

ரெண்டாவது கொறைதான் பெருசு. நாலு நிமிசம் ஆனாலும் அழுகைய நிப்பாட்ட மாட்டான். விசில் அடிச்ச பெறவும் அழுதுக்கிட்டே இருப்பான். "பரவால்லன்னு சொல்லுல"ன்னா, "வரமாட்டேங்குண்ணே"ம்பான். இது என்ன, தும்மலா, வரமாட்டேங்குன்னு சொல்ல? ஒரு வார்த்தை. சொன்னா முடிஞ்சு போச்சு.

இப்டி இருக்கயில மண்டல அளவுல போட்டி வச்சிட்டாவ. ஆமா, ஆறுதல் போட்டி. எங்க துறையில ஓட்டப்பந்தயம், கயிறு ஏறுதது, தண்ணி பீச்சுதது எல்லாத்துக்கும் போட்டி உண்டு. அதோட இதையும் சேத்துட்டாவ. கேடயம் உண்டு. வில்சன் அய்யா அத வைக்கதுக்கு அலமாரியில எடம் ஒதுக்கி, தூசி தொடச்சு, மஞ்சத் துணி விரிச்சிட்டாவ.

மைதானத்து நடுவுல பந்தல். ரெண்டு சேர். நடுவர் மூணு பேரு. மேடத்தையும் கூப்புட்டு முன்வரிசையில உக்கார வச்சிருந்தாவ. எங்களுக்கு முந்தி ஒரு ஸ்டேஷன். அவனுக கொண்டாந்த ஆளு உக்காந்தான், எங்க நாய் செத்துப் போச்சுன்னான், ரெண்டு தடவ மூக்க உறிஞ்சுனான், இப்பப் பரவால்லன்னான், எந்திரிச்சு சல்யூட் அடிச்சான். மூணே நிமிசம். கைதட்டு அள்ளுது. எனக்கு உள்ளூர எரிச்சல்.

அடுத்து நாங்க. பூட்ஸுக்குப் பாலிஷ் போட்டு, தொப்பி வச்சு, நான் போயி உக்காந்தேன். கண்ணப் பாத்தேன். தலைய ஆட்டுனேன். "சொல்லுங்க, நான் இருக்கேன்"னேன். தங்கப்பழம் என்னியப் பாத்துக்கிட்டே இருக்கான். நேரம் ஓடுது. நான் அடிக்குரல்ல, "ஏல, கெணறு, கெணறு"ங்கேன். அவன் அன்னைக்கு அழக்கூட இல்ல அண்ணாச்சி. எங்கையப் பாத்தான். நான் சேர் கைப்பிடியப் பிடிச்சுக்கிட்டு இருந்தேன், சும்மாதான். அதப் பாத்துட்டு, மைக்குக்கு முன்னால கேக்கான், "ஒங்களுக்கு எப்டிண்ணே இருக்கு?"

கேக்கலாமா? நீங்க சொல்லுங்க. அடிபட்டவன் ஸ்ட்ரெச்சர்ல கெடந்துக்கிட்டு, தூக்குதவன்ட்ட ஒனக்கு இடுப்பு வலிக்கான்னு கேப்பானா? எனக்கு வந்த ஆத்திரத்துல, என்ன சொல்லுதோம்னே தெரியாம, "எனக்கென்னல, எனக்குப் பரவால்ல"ன்னுட்டேன். பட்டுனு. ஒரு நொடி ஆவல.

அவ்வளவுதான், நடுவருகளுக்குள்ள தகராறு. ஒருத்தர், பரவால்லன்னு சொல்லியாச்சு, நேரத்துக்குள்ள சொல்லியாச்சு, மார்க்கு போடணும்ங்காரு. இன்னொருத்தர், சொல்ல வேண்டியவன் சொல்லல, சொல்லக் கூடாதவன் சொல்லிட்டான், அது எப்டி மார்க்குங்காரு. மூணாவது ஆளு விதிமுறையப் பொரட்டுதாரு, அப்டி ஒரு விதியே எழுதல. இதுக்கெடையில மேடம் எந்திரிச்சு, "விசில் அடிக்காதீங்க, தயவுசெஞ்சு விசில் அடிக்காதீங்க"ங்காவ. போட்டின்னா விசில் அடிக்காம எப்டி? அடிச்சிட்டாவ. கேடயம் நாய் செத்தவனுக்குப் போச்சு.

வண்டியில திரும்பி வரும்போது நான் மட்டுந்தான் பேசுனேன். தங்கப்பழத்த வாய்க்கு வந்தபடி ஏசுனேன். அவன் தலையக் குனிஞ்சுக்கிட்டே கேட்டான். மறுநா லீவு சொல்லிட்டு ஊருக்கு, இந்த முள்ளுவிளைக்கு, போனவன்தான். இனிமே அந்தச் சேர்ல உக்கார மாட்டேன்னு சொல்லி அனுப்பிட்டான்.

சரி, அவன் இல்லாட்டா என்ன, வேற ஆளே இல்லியான்னு, மந்திரம்னு எங்க டிரைவர் ஒருத்தன், அவன உக்கார வச்சோம். நல்ல சிரிச்ச முகம். நடிப்பான்னு பாத்தோம். "சொல்லுங்க, நான் இருக்கேன்"னேன். ரெண்டு நிமிசத்துல ஓன்னு அழுதுட்டான் சவத்துப் பய. எப்பவோ நடந்த பஸ் விபத்தாம். இம்புட்டு நாளா அவன் அதப் பத்தி ஒரு வார்த்தை பேசுனதில்ல. அடுத்து இசக்கியண்ணன். அவரு சமையக்காரரு, தீயணைப்பே கெடையாது! அவரும் அழுதாரு. நாங்க பொணத்த எடுத்துட்டு வந்து சாப்புட உக்காருத அன்னைக்கெல்லாம், யாரு எவ்வளவு சோறு மிச்சம் வச்சாவன்னு அவருக்குத் தெரியுமாம். அதச் சொல்லிச் சொல்லி அழுதாரு. "நடிக்கத் தெரியாத பயலுவளா, நான் காட்டுதேன் பாருங்க"ன்னு வில்சன் அய்யாவே தொப்பியக் கழத்தி வச்சிட்டு உக்காந்தாரு. உக்காந்தவரு மோட்டுவளையப் பாத்துக்கிட்டே இருந்தாரு. ரொம்ப நேரம் கழிச்சு எந்திரிச்சு, "சேர மாத்துங்கய்யா"ன்னுட்டு ரூமுக்குள்ள போயிக் கதவச் சாத்திக்கிட்டாரு.

பிளாஸ்டிக் சேர மாத்தி இரும்புச் சேர் போட்டோம். அதுலயும் அழுதானுக. பெறவு, ஆயுத பூசைக்கு வண்டிக்குக் கட்டுத மாதிரி சேருக்கு ஒரு எலுமிச்சம்பழம் கட்டி, சூடம் காட்டி, மூலையில போட்டிருக்கு. இப்ப யாரும் அதுல உக்காரது இல்ல. ஆனா ஒண்ணு, சும்மா போறவன் வாரவன் எல்லாம் அதத் தொட்டுட்டுப் போறான்.

இப்ப தலைக்கு மேல வெள்ளம். அடுத்த வாரம் மேல இருந்து பெரிய அதிகாரி வாராவ. ஆறுதல் ட்ரில்லு பாக்கணும்னு சொல்லிட்டாவ. தங்கப்பழத்தக் கையோட கூட்டிக்கிட்டு வான்னு அய்யா என்னிய அனுப்பியிருக்காரு. நேத்து போன் போட்டேன். கொரல் தெளிவாத்தான் இருந்துச்சு. அந்த மேடத்துட்ட ரெண்டு தடவ போயிட்டு வந்தானாம், இப்பக் கொஞ்சம் தூங்குதானாம். "நல்லதுல, அப்ப பரவால்லன்னு சொல்ல வந்துரும்லா"ன்னேன். சிரிச்சான். "அது இன்னும் வரலண்ணே. ஆனா நீங்க வாங்க. வீட்டு முத்தத்துல ரெண்டு சேர் போட்டு வைக்கேன்"னான்.

ரெண்டு எதுக்குல, நான் நின்ன நெலையிலயே ஒன்னியக் கூட்டிக்கிட்டு அடுத்த பஸ்ஸப் பிடிக்கணும்னேன்.

"இல்லண்ணே. நீங்க ஒண்ணுல உக்காருங்க. விசில் கெடையாது, நேரம் கெடையாது. நான் கேக்குதேன்"னான்.

எப்டி இருக்கு கதை? கேக்கதுக்குச் சான்றிதழ் வச்சிருக்கது நான். இவன் கேக்கானாம்! எங்கிட்ட கேக்க என்ன இருக்கு? கயிறு ஒரு சாண் எறங்குச்சு, அது புதுக் கயிறு, தூத்தல். அது ஒரு விசயமே கெடையாதுன்னு ஒங்கள்ட்ட மொதல்லயே சொன்னேம்லா. சொல்லல?

அந்தா, விலக்கு வந்துட்டு. தம்பி, கண்டக்டர் தம்பி, முள்ளுவிளை எறக்கம் இருக்கு! நிப்பாட்டுங்க. அங்கன ஆலமரத்துக்குக் கீழ நிக்கான் பாருங்க, கசங்குன சட்டையும் கலைஞ்ச தலையுமா, கோட்டிக்காரப் பய, அவந்தான். கூட்டிக்கிட்டுப் போவ வந்திருக்கான்.

வாரேன் அண்ணாச்சி. நல்லாக் கேட்டிய. ஒங்களுக்கே சான்றிதழ் குடுக்கலாம்.

எறங்குதேன் தம்பி, எறங்குதேன். கை கொஞ்சம் மரத்துட்டு. கம்பியில இருந்து வர மாட்டேங்கு. ஒண்ணுமில்ல, வெரலுதான். ஒரு நிமிசம். நீங்க இழுக்காதிய.

என்ன சொன்னிய தம்பி? கம்பிய விடுங்க, நான் பிடிச்சுக்கிடுதேன்னா? அப்டிச் சொல்லாதிய. வேற என்ன வேணும்னாலும் சொல்லுங்க, ஏசக்கூடச் செய்ங்க, அத மட்டும் சொல்லாதிய.

எனக்குப் பரவால்ல அண்ணாச்சி, பரவால்ல. பாத்தியளா, எவ்வளவு வெரசாச் சொல்லுதேன். வேர்க்குதா? வெக்கைலா. ஏல தங்கப்பழம், நீ எதுக்குல பஸ்ஸுல ஏறுத? நாந்தான எறங்கணும்! எறங்குல கீழ!

விடுங்கன்னு சொல்ல மாட்டேங்கான் பாருங்க. ஒரு வார்த்தை சொல்ல மாட்டேங்கான். அண்ணாச்சி, நீங்க எதுக்கு எந்திரிச்சு இவனுக்கு எடம் குடுக்கிய? உக்காராதல. கண்டக்டர் தம்பி, இவன்ட்ட துட்ட வாங்காதிய, ரெண்டு டிக்கெட்டு எதுக்கு, திருச்செந்தூர்ல எங்களுக்கு என்ன சோலி இருக்கு?

எங்கை மேல கைய வச்சுக்கிட்டு சும்மா இருக்கான். கண்ணப் பாக்கல, தலைய ஆட்டல. ட்ரில்லு ஒண்ணுகூடச் செய்யல.

அந்தா, கண்டக்டரு விசில் அடிச்சிட்டாரு. நீளமா அடிச்சிட்டாரு. விசில் அடிச்சா முடிஞ்சு போச்சுல்லா அண்ணாச்சி, எந்திரிச்சுப் போயிரணும்லா. இவன் எந்திரிக்க மாட்டேங்கானே.